சுரங்கத்தில் உழைக்கும் நுண்ணுயிர்கள்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், வேதியியல்)

எங்கள் ஊர் ஜெயமங்கலத்தில் வெற்றிலைக் கொடிக்கால்கள் உண்டு. என் தந்தையார் அவற்றில் கூலி வேலை செய்பவர். மழைக்காலத்தில் கொடிகளுக்கு வாடல் நோய் கண்டால், மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்தை வேரடியில் ஊற்றுவது வழக்கம். நம் பாடநூல்கள் இதனைப் 'போர்டோ கலவை' என்கின்றன. கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களிலும் இதே மருந்துதான் தெளிக்கப்படுகிறது.

இந்த மருந்தை இரும்பு வாளியில் கலக்கக் கூடாது. மண்பானை அல்லது பிளாஸ்டிக் டிரம்மில்தான் கலக்க வேண்டும். கலந்து முடித்ததும் அப்பா தம் இடுப்பிலிருக்கும் கத்தியை எடுத்து அதில் சற்று நேரம் முக்கிப் பார்ப்பார். கத்தி நிறம் மாறாமல் இருந்தால் மருந்து பக்குவம். கத்தியின் மீது செந்நிறப் படிவு ஏறியிருந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புப் பால் ஊற்றுவார். "கத்தி சிவந்துச்சுன்னா கொடி கருகிரும் தாயி" என்பார். கத்தி ஏன் சிவக்கிறது என்று கேட்டால், "அது அப்படித்தான். நீ படிச்சிட்டு வந்து எனக்குச் சொல்லு" என்று சிரிப்பார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே அந்த வேலை என் தலையில் விழுந்தது.

முதலாண்டு செய்முறை வகுப்பில் அந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது. தாமிர சல்பேட்டுக் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டோம். சிறிது நேரத்தில் ஆணி சிவந்தது. இரும்பு கரைந்து நீருக்குள் செல்கிறது, நீரிலிருந்த செம்பு வெளிவந்து இரும்பின் மீது படிகிறது. அப்பாவின் கத்தியில் ஏறியதும் இந்தச் செம்புதான். சுண்ணாம்பு போதாமல் கரைசலில் செம்பு மிஞ்சியிருப்பதைக் கத்தி காட்டிக் கொடுக்கிறது.

அன்று எங்கள் பேராசிரியர் மேலும் ஒரு செய்தி சொன்னார். சில சுரங்கங்களிலிருந்து வழியும் நீர் இயற்கையாகவே மயில்துத்த நீலமாக இருக்குமாம். அதில் பழைய இரும்பைப் போட்டுச் செம்பு எடுப்பது மிகத் தொன்மையான தொழிலாம். சீனத்தில் சோங் அரச மரபின் காலத்திலேயே இம்முறையில் பெருமளவு செம்பு எடுக்கப்பட்டது. ஸ்பெயின் நாட்டின் ரியோ டின்டோ சுரங்கங்களிலும் நூற்றாண்டுக் கணக்கில் இது நடந்தது.

கொடிக்காலில் துத்தத்தை நாம் நீரில் கரைக்கிறோம். சுரங்கத்தில் அதைக் கரைத்தவர் யார்? இந்தக் கேள்வியைத் தொடர்ந்து சென்றபோது கிடைத்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

பாறைக்குள் பூட்டிய செல்வம்

செம்பு, துத்தநாகம், நிக்கல் போன்ற உலோகங்கள் பூமிக்குள் பெரும்பாலும் தனித்துக் கிடப்பதில்லை. பல இடங்களில் கந்தகத்தோடு கூடிச் சல்ஃபைடு தாதுக்களாகக் கிடைக்கின்றன. அவற்றோடு பெரும்பாலும் சேர்ந்திருப்பது பைரைட் என்னும் இரும்புச் சல்ஃபைடு. மஞ்சளாக மின்னி ஏமாற்றுவதால் இதற்கு 'மூடர் தங்கம்' என்ற பெயரும் உண்டு.

வழக்கமான முறையில், தாதுவை வெட்டி மேலே ஏற்றி, மாவாக அரைத்து, நுரை மிதப்பு முறையில் செறிவூட்டி, உலையில் உருக்க வேண்டும். உருக்கும்போது கந்தகம் எரிந்து கந்தக டைஆக்சைடு புகையாகிறது. தாது வளமாக இருந்தால் இவ்வளவு செலவும் கட்டுப்படியாகும். நூறு கிலோ பாறையில் அரை கிலோவுக்கும் குறைவாகச் செம்பு இருந்தால் என் செய்வது? எஞ்சிய தொண்ணூற்றொன்பதரை கிலோவை ஏற்றவும் அரைக்கவும் ஆகும் செலவு செம்பின் விலையைத் தின்றுவிடும். அத்தகைய பாறை சுரங்கத்திலேயே விடப்படுகிறது, அல்லது வெளியே மேடாகக் கொட்டப்படுகிறது.

ஆழத்திலிருந்து பாறையை மேலே கொணர்வது எத்தகைய உழைப்பு என்பதற்குத் தமிழர்களாகிய நாம் வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் தொடங்கிய கோலார் தங்க வயலில் இறங்கி உழைத்தோரில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர்களே. அங்குள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் கொண்டது. அவ்வளவு ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியசைத் தாண்டும். மேலிருந்து குளிரூட்டிய காற்றை அனுப்பினால்தான் மனிதன் நிற்க முடியும். பாறை தானே வெடித்துச் சிதறும் விபத்துகளும் அங்கு உண்டு. தங்கத்தின் அளவு குறைந்து செலவு கூடிக்கொண்டே போக, 2001 பிப்ரவரி 28ஆம் நாள் அச்சுரங்கங்கள் மூடப்பட்டன.

பாறையை மேலே கொண்டுவராமலேயே உலோகத்தை மட்டும் கரைத்து எடுக்க முடிந்தால்? இந்த இடத்தில்தான் நம் கதாநாயகன் நுழைகிறான்.

1947இல் தெரிந்த உண்மை

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து வழிந்த நீர் கடும் அமிலமாக இருந்து ஓடைகளைப் பாழாக்கி வந்தது. காற்றும் நீரும் பைரைட்டின் மீது பட்டு நிகழும் வெறும் வேதிவினை என்றே அதனை எண்ணியிருந்தனர். 1947இல் கோல்மர், ஹிங்கிள் என்ற இரு அறிவியலார் அந்த நீரில் ஒருவகைப் பாக்டீரியா வாழ்வதையும், அதுவே இந்த வினையை விரைவுபடுத்துவதையும் கண்டு வெளியிட்டனர். 1951இல் அதற்குத் 'தயோபேசில்லஸ் ஃபெரோஆக்சிடன்ஸ்' என்று பெயர் சூட்டப்பட்டது. 2000ஆம் ஆண்டில் வகைப்பாடு திருத்தப்பட்டு, 'அசிடிதயோபேசில்லஸ் ஃபெரோஆக்சிடன்ஸ்' என்றாயிற்று. பெயர் நீளமானாலும் பொருள் எளிது: அமிலத்தில் வாழ்ந்து, கந்தகத்தை உண்டு, இரும்பை ஆக்சிகரணிக்கும் கோலுயிர்.

இதன் நீளம் ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் நீளத்திற்குள் ஆயிரத்தை வரிசையாக நிறுத்தலாம். நமக்குச் சோறு போல இதற்கு இரும்பும் கந்தகமும். உடலை வளர்க்கத் தேவையான கரியைத் தாவரங்களைப் போலக் காற்றிலுள்ள கரியமில வாயுவிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஆனால் அதற்குச் சூரிய ஒளி தேவையில்லை. கும்மிருட்டான சுரங்கமே போதும். பி.எச். மதிப்பு ஏறத்தாழ 2 உள்ள நீர், அதாவது எலுமிச்சைச் சாற்றை ஒத்த புளிப்புள்ள நீர், இதற்கு உகந்தது. 30 டிகிரி அளவு வெப்பம் இதற்கு இதமானது. மற்ற உயிர்கள் மடியும் நீரில் இது செழிக்கிறது.

இது தனித்தும் உழைப்பதில்லை. 1972இல் ஆர்மீனியாவின் செம்புச் சுரங்கமொன்றிலிருந்து விவரிக்கப்பட்ட 'லெப்டோஸ்பிரில்லம் ஃபெரோஆக்சிடன்ஸ்' போன்ற வேறு பல நுண்ணுயிர்களும் இதனோடு கூட்டாக வாழ்கின்றன. இன்னும் அதிக வெப்பத்தைத் தாங்கும் இனங்களும் உண்டு.

கரைக்கும் விதம்

நண்பர்களே, இனி இந்த நுண்ணுயிர் பாறையை எவ்வாறு கரைக்கிறது என்று காண்போம். 'பாக்டீரியா பாறையைத் தின்கிறது' என்று சொல்வது கவர்ச்சியாக இருக்கலாம். உண்மை சற்று வேறு.

இரும்புக்குக் கரைசலில் இரு நிலைகள் உண்டு என்று நாம் படித்திருக்கிறோம். ஒன்று ஃபெரஸ், மற்றொன்று ஃபெரிக். ஃபெரிக் இரும்பு எலெக்ட்ரானுக்கு ஏங்கி நிற்பது. சல்ஃபைடு தாதுவைக் கண்டால் அதிலிருந்து எலெக்ட்ரானைப் பறித்து, தாதுவை உடைத்துவிடும். உடைந்த தாதுவிலிருந்து செம்பு கரைந்து நீருக்கு வரும். கந்தகம் படிப்படியாகக் கந்தக அமிலமாகும். எலெக்ட்ரானைப் பெற்ற ஃபெரிக், ஃபெரஸாகிச் செயலிழந்துவிடும்.

வேலை இத்துடன் நின்றுபோக வேண்டும். ஏனெனில், அமில நீரில் ஃபெரஸ் இரும்பு காற்றுப் பட்டு மீண்டும் ஃபெரிக் ஆவது மிகமிக மெதுவாகவே நிகழும். இங்குதான் பாக்டீரியா வருகிறது. ஃபெரஸிலிருந்து எலெக்ட்ரானை எடுத்து ஆக்சிஜனிடம் சேர்த்து, அந்தப் பரிமாற்றத்தில் கிடைக்கும் சக்தியில் உயிர் வாழ்கிறது. அதன் பயனாக ஃபெரிக் மீண்டும் பிறக்கிறது, மீண்டும் தாதுவைத் தாக்குகிறது. இவ்வாறு ஃபெரஸை ஃபெரிக்காக மாற்றும் வேகம் பாக்டீரியாவால் லட்சக்கணக்கான மடங்கு கூடுகிறது என்று கண்டிருக்கிறார்கள்.

இந்தப் பரிமாற்றத்தில் அதற்குக் கிடைக்கும் சக்தி மிகச் சொற்பம். ஆகவே வயிற்றை நிரப்ப ஓயாமல் இரும்பை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. குறைந்த கூலிக்கு நாள் முழுதும் உழைக்கும் கூலியாளைப் போன்றது அதன் நிலை. அதனால் தொழிலுக்குக் கிடைப்பதோ மிகுதி.

எல்லாத் தாதுவும் ஒரே மாதிரி இணங்குவதில்லை. கால்கோசைட் என்னும் செம்புச் சல்ஃபைடு எளிதில் கரையும். உலகில் மிகுதியாகக் கிடைக்கும் கால்கோபைரைட் பிடிவாதமானது. நேரமும் ஒரு குறை. உலை மணிக்கணக்கில் முடிக்கும் வேலைக்குக் குவியலில் பாக்டீரியா மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஆனால் அதற்கு எரிபொருள் வேண்டாம், புகையும் இல்லை.

1958இல் அமெரிக்காவின் கென்னகாட் செம்பு நிறுவனத்தார் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றனர். தாதுக் குவியல் மீது அமில நீரைத் தெளித்து, கீழே வடியும் நீலக் கரைசலைப் பிடித்து, செம்பைப் பிரித்த பின் அந்த நீரையே மீண்டும் தெளிப்பது இதன் சாரம். முன்பு பழைய இரும்பைப் போட்டுச் செம்பெடுத்தனர். இப்போது கரைப்பான் கொண்டு பிரித்து, மின்பகுப்பால் தூய செம்பாகப் படிய வைக்கின்றனர். 1980 முதல் சிலி நாட்டில் இத்தகைய குவியல் முறை பெரும் தொழிலாக வளர்ந்தது.

சுரங்கத்துக்குள்ளேயே ஒரு தொழிற்சாலை

குவியல் என்றால் பாறை மேலே வந்தாக வேண்டும். அதுவும் வேண்டாம் என்று காட்டியது கனடா. அந்நாட்டின் ஒன்டாரியோ மாநிலத்தில் எலியட் லேக் என்ற ஊரில் யுரேனியச் சுரங்கங்கள் இருந்தன. அத்தாதுவில் யுரேனியத்தோடு பைரைட்டும் கலந்திருந்தது. சுரங்கத்தில் தேங்கிய நீரில் யுரேனியம் கரைந்து வருவதைக் கண்டவர்கள், 1960களில் ஸ்டான்ராக் சுரங்கத்தில் வெட்டுவதை விட்டுவிட்டு, சுரங்கச் சுவர்களை நீரால் கழுவியே யுரேனியம் எடுத்தனர்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பாக்டீரியா யுரேனியத்தைத் தொடுவதே இல்லை. அது பைரைட்டிலிருந்து வரும் இரும்பை ஃபெரிக்காக மாற்றுகிறது. நீரில் கரையாத நான்கு இணைதிற யுரேனியத்தை ஃபெரிக் இரும்புதான் கரையும் ஆறு இணைதிற நிலைக்கு மாற்றுகிறது.

அருகிலிருந்த டெனிசன் சுரங்கத்தில் இம்முறை மேலும் செம்மையாயிற்று. நல்ல தாதுவை எடுத்த பின், எஞ்சிய தரங்குறைந்த தாதுவை வெடிவைத்துச் சிதறடித்து அங்கேயே விட்டனர். அந்தப் பாதாள அறையின் வாயிலைச் சுவர் எழுப்பி அடைத்தனர். உள்ளே அமிலச் சுரங்க நீரை நிரப்பி, குழாய் வழியே காற்றைச் செலுத்தினர். பாறை ஊற ஊறப் பாக்டீரியா பெருகியது. பின்னர் நீரை வடித்து யுரேனியத்தைப் பிரித்தனர். 1988ஆம் ஆண்டில் மட்டும் இம்முறையில் டெனிசனில் ஏறத்தாழ 300 டன் யுரேனியம் கிடைத்தது. மூட வேண்டிய நிலையிலிருந்த தாது, பாறை ஏற்றாமலேயே பயன் தந்தது.

நம் நாட்டில்

நம் நாட்டிலும் இத்துறையில் முயற்சிகள் உண்டு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் கே. ஏ. நடராஜனும் அவர் குழுவினரும் பல்லாண்டுகள் இதில் ஆராய்ந்துள்ளனர். கர்நாடகத்தின் ராய்ச்சூர் மாவட்டத்தில் உள்ள ஹட்டி தங்கச் சுரங்கத்தோடு இணைந்து சோதனை ஆலையளவிலும் இதைச் செய்து பார்த்தனர்.

தங்கத்தில் பாக்டீரியாவின் வேலை வேறு. சில தாதுக்களில் தங்கம் பைரைட், ஆர்சனோபைரைட் ஆகியவற்றின் உள்ளே சிறு துகள்களாகச் சிறைப்பட்டிருக்கும். சயனைடு கரைசல் உள்ளே நுழைய முடியாது. பாக்டீரியா தங்கத்தைக் கரைப்பதில்லை, சிறைச் சுவரை மட்டும் உடைக்கிறது. அதன்பின் சயனைடு தன் வேலையைச் செய்யும். தென்னாப்பிரிக்காவின் ஃபேர்வியூ சுரங்கத்தில் 1986இல் இது வணிக அளவில் தொடங்கியது.

யுரேனியத்திலும் நம்மவர் முயன்றுள்ளனர். ஜார்க்கண்டின் ஜாதுகுடா வட்டாரத்தில் இந்திய யுரேனியக் கழகத்தின் சுரங்கங்கள் உள்ளன. அங்குள்ள தரங்குறைந்த தாதுவின் மீது, அச்சுரங்க நீரிலேயே வாழும் பாக்டீரியாவை வளர்த்து, ஜாம்ஷெட்பூர் தேசிய உலோகவியல் ஆய்வுக்கூடத்தார் சோதனைகள் செய்தனர். நாட்டின் மிகப் பெரிய செம்புப் படிவமாகிய மத்தியப் பிரதேசத்து மலாஞ்ச்கண்டின் தரங்குறைந்த தாதுவும் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. வெளிநாட்டிலிருந்து பாக்டீரியா வாங்க வேண்டியதில்லை. பைரைட்டும் நீரும் காற்றும் உள்ள இடத்தில் அது ஏற்கனவே குடியிருக்கிறது.

ஆயினும் நம் நாட்டில் இவை பெரும்பாலும் ஆய்வுக்கூடம், சோதனை ஆலை என்ற அளவிலேயே நடந்திருக்கின்றன.

அப்பாவின் கேள்வி

இவற்றையெல்லாம் நான் ஒரு மாலையில் அப்பாவிடம் சொன்னேன். கத்தி சிவப்பதன் காரணத்தைக் கேட்டுத் தலையாட்டினார். பாக்டீரியா கதையைக் கேட்டுவிட்டு, "அப்ப அங்க வேலை பாத்த ஆளுகளுக்கு?" என்றார்.

எந்தப் புத்தகத்திலும் நான் அந்தக் கேள்வியைப் பார்க்கவில்லை. பாறை ஏற்றாத சுரங்கத்தில் இறங்கும் ஆட்கள் குறைவு. அதனால் தூசியைச் சுவாசிப்பவர் குறைவு, பாறை சரிந்து மடிபவர் குறைவு. இது பெரும் நன்மை என்பதில் ஐயமில்லை. ஆனால் கூலி பெறுபவரும் குறைவு. டெனிசன் சுரங்கமே 1992இல் மூடப்பட்டது. பாக்டீரியா ஒரு சுரங்கத்தின் ஆயுளைச் சற்று நீட்டலாம், ஊரையே வாழ வைத்துவிடும் என்று சொல்ல முடியாது. இதை அப்பாவிடம் ஒப்புக்கொண்டேன். "அப்ப, முடிஞ்ச பெறகு அந்தத் தண்ணி எங்க போகும்?" என்று அடுத்துக் கேட்டார். இந்தக் கட்டுரையின் உயிர் அந்த இரண்டாம் கேள்வியில்தான் இருக்கிறது.

ஏவாமலும் உழைக்கும்

பாக்டீரியாவுக்கு நம் திட்டம் தெரியாது. பைரைட், நீர், காற்று மூன்றும் கூடினால் அது வேலை தொடங்கிவிடும். நாம் தாங்கல் தொட்டியில் பிடித்தால் அதன் பெயர் உலோகக் கரைசல். பிடிக்காமல் ஆற்றில் விட்டால் அதன் பெயர் அமிலச் சுரங்கக் கழிவு. இரண்டையும் செய்வது ஒரே உயிர், ஒரே வினை. 1947இல் இதனை முதலில் கண்டதே பாழான நீரில்தான் என்பதை மறக்கலாகாது.

மேகாலயத்தின் ஜெயிந்தியா மலைகளில் எலிவளை போன்ற குழிகளைத் தோண்டி நிலக்கரி எடுத்தனர். அக்கரியில் கந்தகம் மிகுதி. கைவிடப்பட்ட குழிகளிலிருந்து வழிந்த அமில நீர் ஓடைகளில் கலந்து மீன்களை அழித்தது. அந்த நீர் கீழே அசாமின் கோப்பிலி நீர்மின் நிலையத்தை அடைந்து, அங்குள்ள இரும்பு எந்திரங்களை அரித்தது. அத்தகைய குழிச் சுரங்கங்களுக்குத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2014 ஏப்ரலில் தடை விதித்தது. அங்கே யாரும் பாக்டீரியாவை வேலைக்கு வைக்கவில்லை. அது தானே வந்து உழைத்தது.

திட்டமிட்டு வேலைக்கு வைத்த இடத்திலும் தவறு நேர்ந்ததுண்டு. பின்லாந்தின் தல்விவாரா சுரங்கத்தில் 2008 முதல் பாக்டீரியாவைக் கொண்டு குவியல் முறையில் நிக்கல் எடுத்தனர். 2012 நவம்பரில் அங்கு ஒரு கழிவுநீர்க் குளம் கசிந்து, உலோகம் கலந்த நீர் சுற்றியுள்ள நீர்நிலைகளில் பாய்ந்தது. புகையில்லாத தொழில் என்ற புகழ் அந்த ஏரிகளைக் காக்கவில்லை.

எலியட் லேக்கில் சுரங்கங்கள் மூடிய பின் 15 கோடி டன்னுக்கும் மேற்பட்ட அரைத்த பாறைக் கழிவு எஞ்சியது. அதிலும் பைரைட் உண்டு, ஆகவே பாக்டீரியாவும் உண்டு. அதைத் தடுக்க என்ன செய்தார்கள் தெரியுமா? டெனிசன் முதலிய இடங்களில் அந்தக் கழிவை நீருக்கடியில் மூழ்கடித்து வைத்தார்கள். காற்று எட்டாவிட்டால் பாக்டீரியா ஓய்ந்துவிடும் அல்லவா? சுரங்கத்துக்குள் காற்றை ஊதி எந்த உயிரை வளர்த்தார்களோ, அந்த உயிருக்கே காற்றுக் கிட்டாமல் காவல் காக்க வேண்டியதாயிற்று. உலோகம் எடுத்தது சில பத்தாண்டுகள். காவலுக்கோ முடிவு நாள் குறிக்கப்படவில்லை.

கோலாரிலும் மூன்று கோடி டன்னுக்கும் மேற்பட்ட அரைத்த கழிவு மேடுகளாக நிற்கிறது. அதில் எஞ்சியிருக்கும் சிறிதளவு தங்கத்துக்காக அவற்றை மீண்டும் தோண்ட 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைவு தந்தது. எந்த முறையில் எடுத்தாலும், எடுத்த பின் எஞ்சும் நீருக்கும் மண்ணுக்கும் யார் பொறுப்பு என்பதை முதலிலேயே எழுதி வைத்தாக வேண்டும். அம்மேடுகளின் அடிவாரத்தில் குடியிருப்போர் நம் மொழி பேசுவோர்.

மிச்சத்தை எங்கே ஊற்றுவது?

நான் எட்டாம் வகுப்புப் படித்தபோது நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். ஒரு விடுமுறை நாளில் அப்பாவுக்குச் சோறு கொண்டு சென்றேன். மருந்து ஊற்றி முடிந்திருந்தது. பானையில் கலக்காமல் மிஞ்சிய துத்தக் கரைசல் அழகிய நீலமாக இருந்தது. உதவி செய்வதாக எண்ணி, அதை அப்படியே வாய்க்காலில் கொட்டிப் பானையைக் கழுவி வைத்தேன். சற்று நேரத்தில் கீழ்மடையில் கெண்டைக் குஞ்சுகள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. பயந்துபோய் அப்பாவை அழைத்தேன்.

அவர் அடிக்கவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு அந்த வாய்க்கால் ஓரமாகவே நடந்தார். செத்த குஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கரையில் போட்டார். பிறகு வழக்கமாக மிச்சத்தை ஊற்றும் குழியைக் காட்டினார். வாய்க்காலுக்கு எட்டாத மேட்டில் இருந்தது அது. அதில் சுண்ணாம்பைக் கொட்டி, மிச்ச மருந்தை ஊற்றி, மண்ணால் மூடுவாராம். "கலக்கத் தெரிஞ்சா மட்டும் போதாது தாயி. மிச்சத்த எங்க ஊத்தணும்னு தெரிஞ்சிருக்கணும்" என்றார்.

இப்போது படிக்கும்போதுதான் தெரிகிறது, சுரங்கத்து அமில நீரைச் சுத்திகரிக்க உலகெங்கும் பெரிதும் பயன்படுவதும் அதே சுண்ணாம்புதான். அமிலத்தை அது முறிக்கிறது. இரும்பையும் செம்பையும் கரையாத சேறாகப் படிய வைக்கிறது. பள்ளிக்கூடம் போகாத என் தந்தையாரின் குழி, சிறிய அளவில் ஒரு சுத்திகரிப்பு நிலையமே.

தரங்குறைந்த தாதுவிலிருந்து உலோகம் எடுக்க நம் நாட்டுக்கும் வழி வேண்டும். மின்கம்பிக்குச் செம்பு வேண்டும், மின்கலத்துக்கு நிக்கல் வேண்டும். உலைப் புகையும் ஆழச் சுரங்கத்து மரணங்களும் குறைய வேண்டும். இந்த நுண்ணுயிர் அதற்கு உதவும் என்று நான் நம்புகிறேன். பட்டம் முடித்து வாய்ப்புக் கிடைத்தால் நுண்ணுயிரியல் பக்கம் சென்று இதையே படிக்கவும் ஆசை. ஆனால் இனி எந்தச் சுரங்கத் திட்டத்தைப் பற்றிப் படித்தாலும், எத்தனை டன் உலோகம் கிடைக்கும் என்ற பக்கத்தை இரண்டாவதாகத்தான் புரட்டுவேன். வடியும் நீர் எங்கே போகிறது, சுண்ணாம்புக் குழி எங்கே இருக்கிறது, சுரங்கம் மூடிய பின் அதைக் காப்பவர் யார் என்பதை முதலில் தேடுவேன். அந்தப் பக்கம் இல்லாத திட்டத்தை, எட்டாம் வகுப்பில் பானையைக் கவிழ்த்த அந்தச் சிறுமியின் வேலையாகவே கொள்வேன்.

சென்ற வாரமும் கொடிக்காலில் மருந்து கலந்தார்கள். அப்பா கத்தியை முக்கி எடுத்து என்னிடம் நீட்டினார். சிவந்திருந்தது. "செம்பு மிஞ்சியிருக்கு, இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு போடுங்கப்பா" என்றேன். "அதத்தான் நானும் இத்தன வருசமாச் சொல்றேன்" என்று சொல்லிச் சுண்ணாம்புப் பாலை எடுக்கப் போனார்.